பானெட்டில் ஒரு ரோஜா நூல்

தெளி, இன்னும் தெளி, ஒரு இடம் காய்ந்திருந்தாலும் பிளாஸ்டிக் ஃபிலிம் போய் அங்கேதான் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது, அதனால் தெளி. குழந்தை ஷாம்பூ கலந்த தண்ணீர் அம்மா காரின் கறுப்பு பானெட் மேல் ஓடுகிறது, அதில் என் மூஞ்சி தெரிகிறது, தலையில் ஷவர் கேப், உடம்பில் ஒன்பதாவது படிக்கும்போது வாங்கின ரெயின்கோட், கை முழங்கையோடு நின்றுவிட்டது. மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று, நான் ரெயின்கோட் போட்டு நிற்கிறேன். பைத்தியம்தான். ஆனால் திருப்பூரில் பனியன் துணியைப் போட்டுக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவள் இன்னும் பெரிய பைத்தியம், துணியிலிருந்து பஞ்சு உதிரும், ரெயின்கோட்டிலிருந்து ஒன்றும் உதிராது, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே யோசித்தேன். தூசி கிளம்பாமல் இருக்க போர்டிகோ தரை பூராவும் தண்ணீர் ஊற்றியாயிற்று. பக்கத்து மாடியில் ஓவர்லாக் தையல் மிஷின் இன்றைக்கு ஓடாது, பஞ்சு பறக்காது, அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் யோசித்தாகிவிட்டது, அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது? பயமா? பயம் எனக்கு வயிற்றில்தான் வரும், அக்கவுண்டன்சி பரீட்சை அன்றைக்குக் காலையில் வரும், பஸ் ஸ்டாப்பிலேயே திரும்பி வீட்டுக்கு ஓட வைக்கும். இது அது இல்லை. இது ராட்டினம் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, கீழே ஊர் பூராவும் சின்னதாகத் தெரியுமே, அது. கையை விட்டுவிட்டுக் கத்தலாம் போல இருக்கிறது. கத்தினால் எச்சில் தெறிக்கும். கத்தக்கூடாது. தெளி.

அம்மா ஒரு மணிக்கு வந்துவிடுவாள், ஞாயிறு அரை ஷிஃப்ட். அம்மா பேர் கலாமணி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், பத்தொன்பது வருடமாகப் பனியனில் குறை கண்டுபிடிக்கிறாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, நூல் தொங்குவது, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை, அந்த ஸ்டிக்கர் வீட்டிலும் கிடக்கும். ஒரு நாள் தோசை கருகினதற்குத் தட்டில் ஒட்டினாள். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுத்த வாரம் அப்பா சட்டைக் காலரில் ஒட்டினாள், அப்போது அவர் சிரிக்கவில்லை. இப்போது அவர் லாரியோடு சூரத்தில் இருக்கிறார், புதன்கிழமைதான் வருவார், அதனால் இந்த வீட்டில் நீதிபதியும் அவள்தான், போலீசும் அவள்தான். ஒப்பந்தம் என்னவென்றால், பானெட்டில் நான் பெயிண்டைக் காக்கிற ஃபிலிம் ஒட்டுகிறேன், அவள் செக் பண்ணுவாள், பனியனுக்கு என்ன சட்டமோ அதே சட்டம். சின்னக் குறை மூன்று வரைக்கும் பாஸ், நாலாவது வந்தால் ரிஜெக்ட். பெரிய குறை ஒன்று இருந்தாலே ரிஜெக்ட். பாஸ் ஆனால், காருக்கு ஃபிலிம் ஒட்டுகிற ரியாஸ் அண்ணன் கடையில் நான் வேலை கற்றுக்கொள்ளப் போகலாம், அவளே வந்து பேசுவாள். ரிஜெக்ட் ஆனால் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு அவள் பின்னாலேயே கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும், செக்கிங் டேபிளில் நிற்க வேண்டும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. சரி என்று நானும் தலையாட்டினேன். எனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பேர் மௌனிகா. வாய் மூடாத பிள்ளைக்கு இப்படி ஒரு பேரை வைத்தது யார் என்று ஸ்கூலில் கேட்காத டீச்சர் கிடையாது. ப்ளஸ் டூ அரைப்பரீட்சையோடு நின்றுவிட்டேன். நான் ஃபெயில் ஆகவில்லை, நின்றேன், ரெண்டும் வேற. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் காரணம், இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள், பையன் விஷயமா, டீச்சர் திட்டினாரா என்று நோண்டுகிறார்கள். உட்கார முடியவில்லை. அம்மாவுடைய வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை, அவள் கண் ஆறடி தள்ளி நின்று ஊசி ஓட்டையைப் பிடிக்கும், எனக்குப் பெருமைதான். ஆனால் நாள் முழுக்க ட்யூப் லைட் அடியில் நின்று யாரோ தைத்ததைத் தப்பு தப்பு என்று சொல்ல என்னால் ஆகாது. நான் தப்பாகவாவது எதையாவது செய்யணும்.

ஃபிலிமைப் பிரிக்கிறேன். ஐயோ, எவ்வளவு அழகு. ஆன்லைனில் வந்த உருளை, பானெட் அளவுக்கு முன்னாலேயே வெட்டி வந்தது, பின் தாளை உரிக்க உரிக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வரணும், ஒரு கையில் ஃபிலிம், ஒரு கையில் ஸ்ப்ரே, இன்னொரு கை இருந்தால் தேவலை. நுங்கு மாதிரி வழுக்குகிறது. தூக்கி பானெட் மேல் போட்டேன், ஒரு நொடி காற்றில் நின்று அப்படியே இறங்கினது பார். மிதக்கிறது. தள்ளினால் நகர்கிறது, இழுத்தால் வருகிறது, இன்னும் எதுவும் முடிவாகவில்லை, இந்த நிமிஷம் இதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், இந்த நிமிஷத்திலேயே இருந்துவிடலாம் போல இருக்கிறது. இருக்க முடியாது, தண்ணீர் காய்ந்துவிடும். இதே வேலை ரியாஸ் அண்ணன் கடையில் கண்ணாடி ரூமுக்குள் நடக்கும். ஏசி, வெள்ளை லைட், தரையில் ஒரு மண் கிடையாது, கம்ப்யூட்டர் வெட்டிக் கொடுக்கிற ஃபிலிம், காரைச் சுற்றிச் சத்தம் போடாமல் நடக்கிற ஆட்கள். புது வண்டிக்கு ஃபிலிம் ஒட்டலாம் என்று அம்மாவே ஆசைப்பட்டுத்தான் அங்கே போனோம், அவள் வாங்கின முதல் கார், ஹைவேயில் கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்துவிடக் கூடாது. ரியாஸ் அண்ணன் ரேட்டைச் சொன்னதும் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "ஏனுங்க, இது கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக்குதானுங்களே, இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டாள். "கண்ணுக்குத் தெரியாம ஒட்டறதுக்குத்தாங்க்கா காசு," என்றார் அவர். எனக்கு அந்தப் பதில் அப்படிப் பிடித்துவிட்டது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த ரெண்டு மணி நேரமும் நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தேன், ஒருத்தர் பம்பருக்கு ஒட்டிக்கொண்டிருந்தார், வளைவில் ஃபிலிமை அவர் இழுக்கவே இல்லை, அது தானாகப் போய்ப் படுத்தது. நான் ரெண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன்! நான்! வெளியே வரும்போது "இத நானே ஒட்டீருவேன்," என்று வாய் சொல்லிவிட்டது. ரியாஸ் அண்ணன் சிரித்தார். "ஒட்டலாம் பாப்பா. ஒட்டுனத உரிக்க எங்கிட்டத்தான் வரோணும்." அப்புறம் என்ன நினைத்தாரோ, "நெசமாவே ஆசையிருந்தா அம்மா வந்து பேசட்டும், கத்துத் தர்றேன்," என்று போன் நம்பரும் கொடுத்தார். அம்மா கார் கதவைச் சாத்தின சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அப்புறம் வீட்டில் நடந்த சண்டையில் பிறந்ததுதான் இந்த ஒப்பந்தம்.

நடுவிலிருந்து வெளியே. நடுவிலிருந்து வெளியே. ரப்பர் தேய்ப்பானை அழுத்தி இழுக்கிறேன், தண்ணீர் கோடு கோடாக ஓரத்துக்கு ஓடுகிறது, அது ஓடின இடத்தில் ஃபிலிம் காணாமல் போகிறது, நிஜமாகவே காணாமல் போகிறது, வெறும் கறுப்பு, இன்னும் ஆழமான கறுப்பு. என்னால் முடிகிறது. முடிகிறதே! வலது பக்கம் பாதி முடிந்தது, ஒரு குமிழிகூட இல்லை, மூக்கு நுனியில் வியர்வை தொங்குகிறது, விழப் போகிறது, தலையைத் திருப்பி ரெயின்கோட் தோளில் துடைத்துவிட்டேன், அதையும் யோசித்து வைத்திருந்தேன் பார். ஹெட்லைட் பக்கம் வளைவு. இழுக்காதே. கொஞ்சம் இழுத்துவிட்டேன். ஒரு கோடு விழுந்தது, முடி மாதிரி, சாய்ந்து பார்த்தால்தான் தெரியும், சின்னக் குறை, ஒன்று. பரவாயில்லை, மூன்று வரைக்கும் இருக்கிறது. ஓரத்தில் ஒரு குமிழி நகரமாட்டேன் என்கிறது, ரெண்டு. சரி, ரெண்டு. நாளைக்கு ஒன்பதரைக்கு ரியாஸ் அண்ணன் கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன், கண்ணாடி ரூமுக்குள்ளே நான் இருப்பேன், வெளியே எவளாவது மூக்கை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள், நான் திரும்பியே பார்க்கமாட்டேன், வேலை அப்படி. அடுத்த இழுப்பு, நட்ட நடுவில், நல்ல அழுத்தம், தண்ணீர் ஓடினது, ஃபிலிம் மறைந்தது, ஆனால் ஒன்று மறையவில்லை. என்ன அது. தண்ணீர்க் கோடு என்று நினைத்து மறுபடி தேய்த்தேன். அசையவில்லை. குனிந்தேன். ரோஜா கலரில், கண் இமை நீளத்துக்கு, அரைவட்டமாகச் சுருண்டு, சொகுசாகப் படுத்திருக்கிறது ஒரு நூல்.

எங்கிருந்து வந்தாய் நீ? ரெயின்கோட் போட்டிருக்கிறேன், தரை நனைத்திருக்கிறேன், மிஷின் ஓடவில்லை, எங்கிருந்து? திரும்பிப் பார்த்தேன், வாசல்படியில் கிடந்தது, ரோஜா கலர் பனியன் வேஸ்ட், நான் கடைசியாக பானெட்டைத் துடைத்த துணி. நான்தான். நானேதான். ரியாஸ் அண்ணன் கடையில் பார்த்துவிட்டு வந்து பஞ்சு விடாத நல்ல துணி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அது கை தவறிக் கீழே விழுந்தது, கீழே விழுந்த துணியைப் பெயிண்டில் வைக்கக்கூடாது, மண் கீறிவிடும், அது எனக்குத் தெரியும், பெரிய அறிவாளி, அதை ஒதுக்கி வைத்துவிட்டு எட்டி எடுத்தது எதை? அம்மா கம்பெனியிலிருந்து மூட்டையாக வருகிற கட்டிங் வேஸ்ட்டை. பிறந்ததிலிருந்து அதில்தான் துடைக்கிறோம். இந்த ஊரில் மேசை துடைப்பது அது, சைக்கிள் துடைப்பது அது, மூக்கு துடைப்பதும் அது, வேற ஊர்க்காரி யாராவது இருந்தால் அவள் கை அங்கே போயிருக்காது, என் கை என்னைக் கேட்காமலே போயிற்று. ரெயின்கோட் போட்ட பைத்தியம் பனியன் துணியில் துடைத்தது. சிரிப்பு வருகிறது. அழுகையும் வருகிறது. நட்ட நடுவில், கறுப்பில் ரோஜா, பெரிய குறை, ஒன்றே போதும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்குமா? புதுசாகச் சேருகிறவர்களுக்குக் கிடைக்காது, நின்றுகொண்டுதான் போகணும், அங்கேயும் போய் நிற்கணும். கை ஈரம், போன் திறக்கமாட்டேன் என்கிறது, மூக்கால் தொட்டுத் தொட்டு ரியாஸ் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன்.

"அண்ணா, மௌனிகா பேசறனுங்ணா. நூல் மாட்டிக்கிச்சு." "யாரு? ஓ, நீயா. நெசமாவே ஒட்டறயா?" "பாதி ஒட்டிட்டனுங்ணா. நடுவுல நூலு." அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது. "எத்தன பேரு இருக்கீங்க?" "நான் மட்டுந்தானுங்ணா." "அட ஏம் பாப்பா, பானெட்டுக்கு ரெண்டாளு வேணும். தனியாத் தூக்குனீன்னா மடிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்பறம் குப்பைலதான் போடோணும். தூக்காத. உட்டுரு. ஒரு நூலுதான, பாதிப் பேரு பாக்கவே மாட்டாங்க." "எங்கம்மா பாத்துருமுங்ணா." "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, வெய்யில் பட்டா..." "செக்கிங் சூப்பர்வைசருங்ணா." "அப்பத் தூக்கித்தான் ஆகோணும்," என்றார், சிரிக்கவில்லை, அதுதான் பிடித்தது, பம்பர்காரரிடம் பேசுகிற மாதிரியே என்னிடம் பேசினார். "காயறதுக்குள்ள தூக்கு. கால் மணி நேரம். யாரையாச்சும் கூப்புடு." யாரை? பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். நின்று பார்க்கிறேன். விட்டுவிடலாமா? நூல் ஃபிலிமுக்குள்ளேயே வந்தது, கம்பெனித் தப்பு என்று சொல்லலாம். வண்டி வரும்போதே பெயிண்டில் இருந்தது என்று சொல்லலாம். எத்தனை பொய் வரிசையாக வந்து நிற்கிறது பார், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. ஆனால் அவள் நம்பினாலும் எனக்கு அது அங்கே இருக்கும், தினமும் இந்த வண்டியில்தான் ஏறப் போகிறேன், முன்கண்ணாடி வழியாக அதுதான் தெரியும். வேண்டாம். தெளி. காயவிடாதே. தெளித்துக்கொண்டே இரு, யாராவது வரட்டும், தெருவில் கீரைக்காரர் போனாலும் கூப்பிடுவேன். ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், நுங்கு மாதிரி இருந்தது இப்போது ஜவ்வு மாதிரி இழுக்கிறது, மடியப் பார்த்தது, உயிர் போய்த் திரும்பி வந்தது, படுக்க வைத்துவிட்டேன்.

கேட் திறக்கிற சத்தம். பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம்தான் ஆகிறது. அம்மா. ஐடி கார்டு கழுத்தில், கையில் டிபன் பை. "கரண்ட்டு இல்லைன்னு சீக்கரம் உட்டுட்டாங்க. ஏண்டி, மழையா பேயுது, இதென்ன கோலம்?" என்றவள் கண் பானெட்டுக்குப் போய்விட்டது, கேட்டிலிருந்து பானெட் பத்தடி, நேராக அந்த இடத்துக்கு, நான் பார்க்கிறேன், நேராக அங்கேயே. ஒரு நொடி கூட ஆகவில்லை. "என்னடி அது நடுவுல?" அந்த நொடியில் வயிற்றில் பயம் வந்திருக்கணும். வரவில்லை. ரெண்டு கை வந்திருக்கிறது, வீட்டுக்கு இன்னும் ரெண்டு கை வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. "நூலும்மா. கட்டிங் வேஸ்ட்டுல தொடச்சுப்போட்டேன், என் தப்பு. தூக்கோணும். பைய வெச்சுட்டு அந்தப் பக்கம் புடி, சீக்கரம்!" "நான் செக் பண்ண வந்தனா, உனக்கு ஹெல்ப்பர் வேல பாக்க வந்தனா?" "அம்மா, காஞ்சுரும்! புடி!" பிடித்தாள். பையைத் தரையில் போட்டுவிட்டுப் பிடித்தாள். "இழுக்காத, மேல தூக்கு! மேலன்னா மேல, உம்பக்கமில்ல!" "ஏண்டி கத்தற, தூக்கிட்டுத்தான இருக்கறேன்!" "இன்னும் உள்ள புடி, மடியுது, மடியுது!" பத்தொன்பது வருடமாக நாற்பது பேரை அதட்டுகிறவள் நான் சொன்ன பக்கம் கையைத் தூக்குகிறாள், கண்ணாடி வளையல் குலுங்குகிறது, ஃபிலிம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் கூடாரம் மாதிரி நிற்கிறது, அதன் அடியில் தலையை விட்டு அடித்துத் தள்ளினேன் தண்ணீரை, நூல் பெயிண்டில் இல்லை, ஃபிலிமின் பசையில் ஒட்டியிருக்கிறது, ஈர விரல் நுனியால் தொட்டேன், வரவில்லை, மறுபடி தெளித்தேன், தொட்டேன், வந்தது. வந்துவிட்டது! விரலில் இருக்கிறது, எச்சில் இழை மாதிரி, ஒன்றுமே இல்லாத மாதிரி. "வந்துருச்சும்மா!" "வந்துருச்சா? காட்டு!" அவள் குரலும் கீச்சிட்டது, நான் கேட்டேன், அவளே வெட்கப்பட்டு உடனே, "செரி செரி, எறக்கலாமா?" என்றாள். இறக்கினோம். மெதுவாக, மூச்சுவிடாமல். நடுவிலிருந்து வெளியே. கறுப்பு. வெறும் கறுப்பு.

அவள் செக் பண்ணுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன், ஹெட்லைட் வளைவில் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு குமிழி, தூக்கினதில் நடுவில் லேசாக ஒரு இழுப்புத் தடம், மூன்று, மூன்றும் சின்னக் குறை, பாஸ். நாக்கு குழறுகிறது, சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா வண்டியைச் சுற்றி நடந்தாள். குனிந்தாள், தலையைச் சாய்த்தாள், ஒரு கண்ணை மூடினாள், கம்பெனியில் இப்படித்தான் பார்ப்பாளா, இவளை இப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் பிடித்திருந்த பக்கம் வந்து நின்றாள். "நாலாவது ஒண்ணு இருக்குது," என்றாள். எங்கே, எங்கே என்று ஓடினேன், பயந்து இல்லை, எனக்குத் தெரியாமல் ஒன்று எப்படி இருக்கலாம் என்று. "வெளிச்சத்துக்கு எதுக்க நின்னு பாரு." பார்த்தேன். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, ஃபிலிமுக்கு அடியில், பத்திரத்தில் உருட்டி வைத்த மாதிரி ஒரு கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, அவ்வளவு சுத்தமாக. என் விரலை வைத்துப் பார்த்தேன், ரேகை பெரியது. என்னுடையது இல்லை. என் கை முழுக்க ஷாம்பூத் தண்ணீர், ஈரக்கை ரேகை விடாது. அம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பானெட்டைப் பார்த்தாள். மறுபடி விரலைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் தன் தப்பைத் தானே கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவையோ என்னவோ. "இனிப் போகாதா?" "போகாது. பசைல பதிஞ்சது போகாதும்மா." "அப்ப நாலு," என்றாள், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு. உன் கைதானே, அதனால் கணக்கில்லை என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது நிஜம் இல்லை. "கைய நனைச்சுட்டுத்தான் தொடோணும். அத நாஞ்சொல்லல. மறந்துட்டேன். உனக்கெப்படித் தெரியும்? எந்தப்புதான். நாலு." சொல்லிவிட்டேன். பஸ், டேபிள், ட்யூப் லைட், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது, ஆனாலும் நெஞ்சு இன்னும் ராட்டினத்தில்தான் இருக்கிறது, இறங்கமாட்டேன் என்கிறது, நான் ஒட்டினேன், கையால் ஒட்டினேன், இங்கே பார் எவ்வளவு கறுப்பு.

அம்மா ஐடி கார்டைக் கழற்றி டிபன் பையில் போட்டாள். "அந்தக் கடைல, ஆளுங்களுக்கு மொதல்ல இதச் சொல்லிக் குடுப்பாங்களா, கைய நனைக்கச் சொல்லி?" "அதுதாம்மா மொத நாள் பாடமே இருக்கும்." "ம்." இன்னொரு தடவை குனிந்து தன் ரேகையைப் பார்த்தாள், ரொம்ப நேரம். "நாலுன்னா ரிஜெக்ட்டு. சட்டம் சட்டந்தான், ஒட்டுன பானெட்டு ரிஜெக்ட்டு," என்றாள். "ஆனா குறைய மறைக்காத ஆள என் டேபிள்ல கொண்டுபோயி நிறுத்தறதுக்குப் பதிலா, வேல கத்துக்கற எடத்துல உட்டாத் தேவல. கட எத்தன மணிக்குத் தொறக்கறாங்க?" "ஒம்பதரை," என்று கத்தினேன், எச்சில் தெறித்தது, தெறிக்கட்டும். "எதுக்குடி கத்தற, பக்கத்துலதான நிக்கறேன். நாளைக்குப் பஸ்ஸுல நான் போகல, பர்மிஷன் சொல்லிக்கறேன். அந்தாளுகிட்ட நாந்தான் பேசுவேன், நீ வாயத் தொறக்கப்படாது." சரி சரி சரி என்றேன். இடது ஓரம் இன்னும் ஒட்டவில்லை, காற்றில் லேசாகத் தூக்கி நிற்கிறது, ஆள் வேண்டும். நான் கேட்கவே இல்லை. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷாம்பூ பக்கெட்டில் முழங்கை வரைக்கும் ரெண்டு கையையும் விட்டாள்.